ஷெட்டில் நிற்கும் கார்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வீட்டிலேயே பழைய கார் சரிசெய்பவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று போன இதழில் எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "வண்டியை எப்படி ஸ்டார்ட் செய்வது?" என்றுதான் கேட்கின்றன. எப்படி நிறுத்துவது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. அதனால் கேட்காதவர்களுக்கும் சேர்த்து பிரேக்கைப் பற்றி நானாகவே கொஞ்சம் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பாவின் பிரீமியர் பத்மினி, 1984 மாடல், பதினொரு வருடமாகக் கொட்டகையில் தார்ப்பாய் போட்டு நிற்கிறது. புது பேட்டரி வாங்கிவிட்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமை ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா ஐயா? (கும்பகோணம்)

வேண்டாம் தம்பி. பேட்டரியைச் சார்ஜ் போட்டு ஓரமாக வையுங்கள், அதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

பதினொரு வருடத்தில் சிலிண்டர் சுவரில் இருந்த எண்ணெய் முழுக்க வடிந்திருக்கும். பிஸ்டன் ரிங் சுவரோடு லேசாகத் துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். அந்த நிலையில் செல்ஃப் கொடுத்தால் ரிங் உடையும், இல்லாவிட்டால் சுவரில் கோடு விழும். நாலு பிளக்கையும் கழற்றுங்கள். ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு ஸ்பூன் அளவு இன்ஜின் ஆயிலும் டீசலும் கலந்து ஊற்றி, துணியால் அடைத்து மூன்று நாள் விட்டுவிடுங்கள். அப்புறம் கிராங்க் புல்லி நட்டில் பெரிய ஸ்பானர் போட்டு, பிளக் இல்லாமலேயே, கையால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். அசையவில்லை என்றால் பைப் போட்டு நெம்பாதீர்கள், இன்னும் கொஞ்சம் ஊற்றி இன்னும் ஒரு வாரம் விடுங்கள். சுற்ற ஆரம்பித்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

அந்த மூன்று நாளில் செய்ய வேறு வேலை இருக்கிறது. ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்து பாருங்கள், கொட்டகை வண்டியில் எலிக்கூடு இல்லாமல் இருக்கவே இருக்காது. நான் திறந்த ஒரு பத்மினியில் வைக்கோலும் சீட் பஞ்சும் நெல் உமியும் கெட்டியாக அடைந்து கிடந்தன, கார்பரேட்டர் வாய்வரைக்கும். அதோடு ஸ்டார்ட் ஆகியிருந்தால் அத்தனையும் உள்ளே போயிருக்கும். டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு டார்ச் அடித்து வயரையெல்லாம் பாருங்கள், எலி கடித்த வயரில் பேட்டரி கொடுத்தால் தீப்பிடிக்கும். பெட்ரோல் டேங்கைக் கழற்றிக் காலி செய்யுங்கள். பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாற்றம் அடிக்கும், அடியில் துருத்தூள் இருக்கும். டேங்கில் ஓட்டை இருந்தால் வீட்டில் வெல்டிங் வைக்க நினைக்கவே வேண்டாம். காலி டேங்கில் நிற்கும் பெட்ரோல் ஆவிதான் வெடிக்கும், நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்து. ரேடியேட்டர் கடைக்காரர்கள் டேங்க் வேலையும் பார்ப்பார்கள், அவர்களிடம் கொடுங்கள்.

இதெல்லாம் முடிந்தாலும் நான் முதலில் கை வைக்கச் சொல்வது நாலு சக்கரத்தில்தான். பத்மினியில் நாலுமே டிரம் பிரேக். அந்தக் காலக் கார்களில் பெரும்பாலும் ஒரே ஒரு ஹைட்ராலிக் லைன்தான் (பிரேக் ஆயில் ஓடும் குழாய்), ஒரு வீல் சிலிண்டர் (சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளும் சின்ன உருளை) கசிந்தால் நாலு பிரேக்கும் போய்விடும். இன்றைய கார் மாதிரி பாதி பிரேக்காவது மிச்சம் இருக்கும் என்று நம்ப முடியாது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், பதினொரு வருட ஈரம் சிலிண்டருக்குள் துருவாகியிருக்கும். மிதித்தால் முதல் நாள் நன்றாகத்தான் பிடிக்கும். இரண்டாம் வாரம், துருவில் உரசி உரசி ரப்பர் கிழிந்து, பெடல் பலகையைத் தொடும். ஆகவே நாலு வீல் சிலிண்டரையும் பெடலோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டரையும் கழற்றிப் பிரித்து உள் சுவரில் விரல்நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் எங்காவது தட்டினால் ரப்பர் கிட் மட்டும் மாற்றிப் பயனில்லை, லேத்தில் கொடுத்து ஸ்லீவ் (உள்குழல்) போடுங்கள் அல்லது புதிது வாங்குங்கள். ரப்பர் பாகங்களைப் பெட்ரோலில் கழுவாதீர்கள், கிரீஸ் தடவாதீர்கள், உப்பிவிடும். புது பிரேக் ஆயிலில் நனைத்தே மாட்டுங்கள். ஹோஸ் மூன்றும் புதிது. டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயால் ஊதவோ கம்ப்ரசர் காற்று அடிக்கவோ கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அது நுரையீரலுக்குப் போனால் திரும்ப வராது. ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

அப்பா ஓட்டிய வண்டி என்று எழுதியிருந்தீர்கள். அவர் கியர் லீவரைப் பிடித்த இடத்தில் குமிழ் தேய்ந்திருக்கும். அதை மட்டும் மாற்றாதீர்கள்.

கேள்வி: ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3 வாங்கியிருக்கிறேன். ஸ்டியரிங் ஒடிக்கும்போது முன் சக்கரத்தில் முனகல் சத்தம். மெக்கானிக் எல்லா நிப்பிளிலும் (கிரீஸ் ஏற்றும் சின்ன மூக்கு) கிரீஸ் அடித்தார், ஒரு வாரம் சரியாக இருந்தது, திரும்ப வந்துவிட்டது. (நாகர்கோவில்)

இந்தக் கடிதத்தைப் படித்ததும் உட்கார்ந்திருந்தவன் எழுந்துவிட்டேன். வண்டியை இப்போதைக்கு ரோட்டில் எடுக்காதீர்கள்.

ஹெரால்டின் முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டு இருக்கிறதே, அதன் கீழ்முனையில் திருகுமரை வெட்டியிருக்கும். அந்த மரை ஒரு பித்தளை நிறக் கட்டைக்குள் திருகி நிற்கும், அதற்கு டிரன்னியன் என்று பெயர். நீங்கள் ஸ்டியரிங் ஒடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தத் தண்டு மரைக்குள் திரும்புகிறது. முன் பாரம் மொத்தமும் அந்த மரையில்தான். இதற்குக் கிரீஸ் கூடாது, கியர் ஆயில்தான், தொண்ணூறு நம்பர். கிரீஸ் கெட்டி, மரையின் அடிவரை இறங்காது. மேலே அடைத்துக்கொண்டு நிற்கும், கீழே தண்ணீர் தங்கும், இரும்புத் தண்டு உள்ளே துருப்பிடித்து மெலியும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. ஒரு நாள், பெரும்பாலும் மெதுவாகத் திரும்பும்போது, படக்கென்று முறிந்து சக்கரம் உள்பக்கமாக மடங்கி வண்டி மூக்கால் தரையில் உட்காரும். மெதுவாகப் போகும்போது நடந்தால் அதிர்ஷ்டம்.

உங்கள் மெக்கானிக் மேல் குற்றமில்லை. அம்பாசிடரும் பத்மினியும் பார்த்துப் பழகியவருக்கு நிப்பிளைப் பார்த்தால் கிரீஸ் கன்தான் கையில் வரும். செய்ய வேண்டியது இதுதான்: இரண்டு பக்கத் தண்டையும் டிரன்னியனிலிருந்து முழுக்கத் திருகிக் கழற்றுங்கள். ஒரு பக்கம் வலப்புரி மரை, மறுபக்கம் இடப்புரி, தெரியாமல் எதிர்த்திசையில் முறுக்கி உடைத்துவிடாதீர்கள். கம்பி பிரஷ் போட்டு மரையைச் சுத்தம் செய்து, மரை தொடங்கும் கழுத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். விரிசலோ ஆழமான துருக்குழியோ தெரிந்தால் தண்டு மாற்ற வேண்டும், வெல்டிங் வைத்து ஒப்பேற்றக் கூடாது. கழுவி மாட்டியதும் காலியான ஒரு கிரீஸ் கன்னில் கியர் ஆயில் நிரப்பி, மேல் ரப்பர் வழியாக ஆயில் கசியும்வரை அடியுங்கள். கொஞ்சம் ஒழுகும், ஷெட் தரையில் கறை விழும், ஒழுகட்டும். மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை, அதற்கு நடுவில் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை இதைச் செய்தால் போதும்.

பாகம் கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். கிடைக்கும். இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுதான் 1961லிருந்து நம் சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் ஸ்டாண்டர்டு என்ற பெயரில் தயாரானது. டிரையம்ப் ஸ்பிட்ஃபயருக்கும் இதே முன்பக்க அமைப்புதான். அந்தக் காரை வைத்திருப்பவர்கள் அங்கே இன்னும் நிறையப் பேர் இருப்பதால் டிரன்னியனும் தண்டும் இன்றும் புதிதாகவே செய்து விற்கிறார்கள். ஆனால் உங்களுடையது நான்கு கதவு வண்டி என்றால் பின்கதவு, அதன் கண்ணாடி, ரப்பர் இதெல்லாம் அங்கே தேடக்கூடத் தேடாதீர்கள். நான்கு கதவு ஹெரால்டு நம் ஊரில் மட்டும்தான் வந்தது. பின்கதவுக்குச் செத்துக்கிடக்கும் இன்னொரு சென்னை ஹெரால்டுதான் வழி, எங்காவது கண்ணில் பட்டால் கதவை மட்டுமாவது வாங்கி வீட்டில் வைத்துவிடுங்கள்.

வீட்டில் கற்றுக்கொள்ள ஹெரால்டு மாதிரி ஒரு கார் கிடையாது என்பது என் தீர்மானமான எண்ணம். முன்பக்கம் பானெட், மட்கார்டு எல்லாம் சேர்த்து ஒரே துண்டாக முன்னால் சாய்ந்துவிடும். டயர்மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜின் வேலை பார்க்கலாம், முதுகு வலிக்காது. பாடி சேசிஸ்மேல் (அடிச்சட்டம்) போல்ட் போட்டு நிற்பதால் ஒவ்வொரு பகுதியாகக் கழற்றி மாட்டவும் முடியும்.

கேள்வி: கடலோரத்தில் இருக்கிறோம். அம்பாசிடரின் கதவுக்குக் கீழ்ப்பகுதி துருப்பிடித்துப் பொரிந்துவிட்டது. பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்துவிடலாம் என்கிறார் டிங்கர். (தூத்துக்குடி)

பட்டியைக் கையில் எடுக்கும் முன் ஒரு காந்தமும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் ஏற்கெனவே யாரோ பட்டி வைத்திருக்கிறார்கள். ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் தட்டும்போது "டங்" என்று கேட்டால் தகடு, "பொத்" என்று கேட்டால் துரு. சந்தேகமான இடத்தில் முனையால் குத்துங்கள். ஓட்டை விழுந்துவிடுமே என்று பயப்படாதீர்கள், விழுகிற இடத்தில் ஏற்கெனவே ஓட்டைதான்.

அம்பாசிடருக்கு ஹெரால்டு மாதிரித் தனிச் சேசிஸ் கிடையாது. பாடியே சட்டம். கதவுக்குக் கீழே ஓடும் அந்தப் பெட்டி மாதிரியான பகுதிதான் வண்டியை நடுவில் தொங்காமல் தாங்குகிறது. அங்கே பட்டி வைப்பது வீட்டுத் தூணுக்குச் சுண்ணாம்பு பூசுவது மாதிரி. வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துத்தான் ஆக வேண்டும், பதினெட்டு கேஜ் தகடு. வெட்டும் முன் கதவு வாயில் குறுக்கே இரும்புப் பட்டை வைத்துத் தற்காலிகமாக வெல்டிங் போட்டுவிடச் சொல்லுங்கள், ஒரு பக்கம் முடித்துவிட்டே மறுபக்கம் தொடச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் இரண்டு பக்கமும் ஒன்றாக வெட்டினால் பாடி அரை இஞ்ச் தொங்கும், அப்புறம் கதவு வாழ்நாளுக்கும் பூட்டாது. எனக்கே தெரிந்த ஒரு வண்டியில் இது நடந்தது, வண்டிக்காரர் கதவைத் தூக்கிப் பிடித்து அறைந்து சாத்துவார்.

சி.ஓ.டூ வெல்டிங் இருக்கும் பட்டறையாகப் பாருங்கள். ஆர்க் வெல்டிங்கில் மெல்லிய தகடு உருகி ஓட்டையாகும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். வேலை முடிந்ததும் உள்பக்கத்துக்குத்தான் பாதுகாப்பு வேண்டும், கடற்காற்று உள்ளேதான் தின்னும். தண்ணீர் வடியும் துளைகளைப் பெயிண்ட்டோ பட்டியோ அடைக்காமல் பார்த்துக்கொண்டு, அந்தத் துளை வழியாகவே வாக்ஸ் கோட்டிங் அடியுங்கள். ப்ரைமர் மட்டும் அடித்து மாதக்கணக்கில் வெளியே நிறுத்தாதீர்கள், ப்ரைமர் ஈரத்தை உறிஞ்சும், அதற்கடியிலேயே துரு மறுபடி தொடங்கும்.

பெயிண்ட் வேலையை வீட்டில் செய்யலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தேய்ப்பதுவரை செய்யுங்கள், தண்ணீர் ஊற்றித் தேயுங்கள், பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கும். ஹார்டனர் கலந்து அடிக்கிற பெயிண்ட்டை வீட்டில் அடிக்காதீர்கள். அதன் புகைக்குத் துணி மாஸ்க் போதாது, மூச்சுத்திணறல் நோயாகவே வந்துவிடும். அதைப் பூத் வைத்திருப்பவரிடம் விடுங்கள்.

கேள்வி: இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோலைப் பழைய காருக்குப் போடலாமா? (ஈரோடு)

வேறு பெட்ரோல் எளிதில் கிடைக்காத நிலையில் போடாமல் என்ன செய்வது? ஆனால் முன்னேற்பாடு வேண்டும். இருபது சதவீத எத்தனால் பழைய ரப்பர் ஹோஸை மென்மையாக்கிக் கசியவிடும், சூடான இன்ஜின்மேல் கசிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. டேங்கிலிருந்து கார்பரேட்டர்வரை எல்லா ஹோஸையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள், பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற ரப்பர் தகட்டையும் சேர்த்து. உள்ளே தெரிகிற மாதிரி ஒரு ஃபில்டர் போடுங்கள். டேங்கில் படிந்திருக்கும் பழைய கசடை எத்தனால் கழற்றி அனுப்பும், முதல் இரண்டு மாதம் ஃபில்டர் அடிக்கடி அடைக்கும். எத்தனால் ஈரத்தை இழுப்பதால் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தக் கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இன்ஜின் நன்றாகச் சூடேறும்வரை இருபது நிமிடமாவது ஓட்டுங்கள்.

ஈயம் இல்லாத பெட்ரோல் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். 2000 பிப்ரவரியிலிருந்தே நாடு முழுக்க ஈயம் இல்லைதான். பழைய இன்ஜினில் வால்வு சீட் தேயாமல் காத்தது அந்த ஈயம்தான். ஹெட்டைக் கழற்றும் வாய்ப்பு வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டை மட்டும் லேத்தில் கடினமான ரகமாக மாற்றிவிடுங்கள். அதற்காகவே கழற்ற வேண்டாம்.

கேள்வி: கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தாத்தாவின் மாருதி 800 எனக்குக் கிடைத்திருக்கிறது. பெண் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்கிறார்கள் வீட்டில். என்ன கருவிகள் வாங்க வேண்டும்? (சேலம்)

எதற்கு என்று கேட்பவர்களை முதல் முறை ஆயில் மாற்றும்போது டார்ச் பிடிக்கக் கூப்பிடும்மா. கேள்வி அதோடு நின்றுவிடும்.

நல்ல வண்டி கிடைத்திருக்கிறது. மூன்று சிலிண்டர், 796 சிசி, பானெட்டைத் திறந்தால் எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும், பாகமும் எளிதாகக் கிடைக்கும். எட்டிலிருந்து பத்தொன்பது எம்எம்வரை ரிங் ஸ்பானர் செட், அதே அளவில் சாக்கெட் செட், ஃபீலர் கேஜ் (சின்ன இடைவெளியை அளக்கும் தகடுகள்), சாதாரண மல்டிமீட்டர், டார்க் ரெஞ்ச் (போல்ட்டைச் சொன்ன அளவுக்கு முறுக்கும் ஸ்பானர்). முதல் வருடத்துக்கு இது போதும். (அம்பாசிடரும் ஹெரால்டும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் வண்டிகளில் பெரும்பாலும் இஞ்ச் அளவு போல்ட்டுகள். எம்எம் ஸ்பானரை மாட்டித் திருகினால் போல்ட் தலை உருண்டுவிடும்.)

எல்லாவற்றுக்கும் முன்னால் வாங்க வேண்டியது இரண்டு ஆக்சில் ஸ்டாண்டு, தூக்கிய வண்டியைத் தாங்கும் இரும்புக் கால். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு அல்ல. முப்பது வருடத்துக்கு முன்னால் நான் ஜாக்கியை நம்பி சைலன்சர் போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஸ்பானர் எடுக்க வெளியே வந்த நேரத்தில் ஜாக்கி சரிந்து வண்டி டிரம்மோடு தரையில் இறங்கியது. சிமென்ட் தரையில் டிரம் பதிந்த பள்ளம் இன்னும் அப்படியே இருக்கிறது. நான் அதைப் பூசவில்லை. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் வைக்காதே, பாரத்தில் ஒரே நொடியில் தூளாகிவிடும். கழற்றிய சக்கரத்தையும் காருக்கடியில் படுக்க வைத்துவிடு.

ஒரே நாளில் எல்லாவற்றையும் கழற்றிப் போட வேண்டாம். நான் பார்த்தவரை வீட்டு ஷெட்டில் அரைகுறையாகச் சாகிற கார்களெல்லாம் இப்படித்தான் சாகின்றன: ஒரு உற்சாகத்தில் முழுக்கக் கழற்றிவிட்டு, ஆறு மாதம் கழித்து எந்த போல்ட் எங்கே என்று தெரியாமல், கடைசியில் இரும்புக் கடைக்கு. ஒரு வேலையை எடு, முடி, வண்டியை ஓட்டு, அப்புறம் அடுத்தது. கழற்றும் முன் போனில் படம் எடு. ஒவ்வொரு பாகத்தின் போல்ட்டையும் தனித்தனி டப்பாவில் போட்டு, பேர் எழுதி ஒட்டு.

கேள்வி: எங்கள் 1972 அம்பாசிடரின் ஆர்.சி. புத்தகம் காலமான அப்பா பெயரிலேயே இருக்கிறது, புதுப்பிக்கவும் இல்லை. வண்டியைச் சரிசெய்தபின் பார்த்துக்கொள்ளலாமா? (மதுரை)

முதலில் காகிதம், அப்புறம் ஸ்பானர். லட்சக்கணக்கில் செலவழித்த பிறகு காகிதம் சரியில்லை என்றால் அந்த வண்டி ஷெட்டைத் தாண்டாது.

உரிமையாளர் இறந்தபின் வாரிசுக்குப் பெயர் மாற்ற 31ஆம் எண் படிவம், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ். சகோதர சகோதரிகள் இருந்தால் அவர்களின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள், இப்போது எல்லோரும் நல்ல மனதாக இருக்கும்போதே. பதிவைப் புதுப்பிக்க 25ஆம் எண் படிவம். வண்டியை ஆய்வாளர் பார்த்துச் சரியென்றால் ஐந்து வருடம் நீட்டிப்பார்கள். விட்டுப்போன வருடங்களுக்கு அபராதம் சேரும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நேரில் கேட்டுக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் வண்டிக்கு இன்னொரு வழியும் உண்டு. 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடம் தாண்டிய, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிப் பதிந்தால் அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பராமரிப்பு இவற்றுக்குத்தான். அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போக வேண்டும் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள், அதனால் உங்களுக்குச் சாதாரணப் புதுப்பித்தலே சரி என்பேன். டீசல் இன்ஜின் மாற்றி வைக்கலாமா என்ற யோசனையையும் விட்டுவிடுங்கள். ஆர்.சி.யில் இருக்கும் இன்ஜின் எண்ணும் பானெட்டுக்குள் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருப்பதுதான் உங்களுடைய பெரிய பலம்.

அம்மா ஏறுவதற்கு முன், ஆளில்லாத மைதானத்தில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் பத்து முறை பிரேக் மிதித்துப் பாருங்கள். வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் அந்தப் பக்கத்துக்கு எதிர்ச் சக்கரத்தின் டிரம்மைத் திறக்க வேண்டும், சிலிண்டர் இறுகியிருக்கும்.